தில்லியில் பேசியது சுரண்டைக்கு வர வேண்டும்

மக்களவை உறுப்பினர் எதற்கு என்று சுரண்டைச் சந்தையில் கேட்டுப் பாருங்கள். ரயில் நிற்க வேண்டும், முக்குக்கு முக்கு உயர்கோபுர விளக்கு வேண்டும், பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை வேண்டும், பிள்ளைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று பதில்கள் வரிசையாக வரும். எல்லாம் நியாயமான தேவைகள்தான். ஆனால், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அவையில் எழுந்து பேச வேண்டும், மசோதாவைப் படித்துவிட்டுப் போக வேண்டும், அமைச்சரை மடக்கிக் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்பவர் அரிது. இதற்கு மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உறுப்பினர் ஓராண்டில் அவையில் என்ன பேசினார், என்ன பதில் வாங்கினார் என்பதை ஊருக்கு வந்து ஒப்பிக்கும் வழக்கமே நம்மிடம் வளரவில்லை. தெரியாத வேலையை யார் மதிப்பிட முடியும்?

தொகுதி மேம்பாட்டு நிதி 1993இல் வந்தது. அதன் பிறகு நம் பார்வை இன்னும் சுருங்கிவிட்டது. ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். சுரண்டை அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியில் தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சமமாகப் பங்கு வைத்தால் தொகுதிக்கு 83 லட்சம் ரூபாய் சொச்சம்தான் வரும். அதில் சுரண்டைக்கு ஒரு விளக்குக் கம்பமும் ஒரு வகுப்பறையும் கிடைத்தால் பெரிது. அதே உறுப்பினர் கை தூக்கி நிறைவேற்றும், அல்லது எதிர்த்துப் பேசும், மத்திய நிதிநிலை அறிக்கையின் அளவு 2025-26இல் 50 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 5 கோடிக்குக் கணக்குக் கேட்கிறோம். 50 லட்சம் கோடியைப் பற்றி அவர் வாய் திறந்தாரா என்று கேட்பதில்லை.

உறுப்பினரைத் தேர்ந்து அனுப்பியதில் தென்காசித் தொகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1977 முதல் 1996 வரை ஆறு முறை மு. அருணாசலத்தை அனுப்பியது. 1998இலும் 1999இலும் அதிமுகவின் முருகேசன், 2004இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்பாதுரை, 2009இல் அதே கட்சியின் லிங்கம், 2014இல் அதிமுகவின் வசந்தி முருகேசன், 2019இல் திமுகவின் தனுஷ் எம். குமார். 2024இல் திமுகவின் மருத்துவர் ராணி ஸ்ரீகுமார் 4,25,679 வாக்குகள் பெற்று, புதிய தமிழகம் கட்சியின் கிருஷ்ணசாமியை 1,96,199 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். காங்கிரஸ், மாநிலக் கட்சிகள், இடதுசாரிகள் என்று எல்லா நிறமும் பார்த்த தொகுதி. ஒரு ஓட்டின் அருமையும் இந்த மண்ணுக்குத் தெரியும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தென்காசியில் காங்கிரஸின் பழனி நாடார் வென்றது 370 வாக்கு வித்தியாசத்தில்தான். அந்த முடிவு நீதிமன்றம் வரை போய், தபால் வாக்குகளை மறுபடி எண்ண வேண்டி வந்தது. ஓட்டு எண்ணும்வரை இவ்வளவு கூர்மையாக இருக்கும் நம் கவனம், வென்றவர் பதவியேற்ற மறுநாளே கலைந்துவிடுகிறது.

அவையில் ஒரு சாதாரண உறுப்பினருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இல்லாவிட்டால் அநியாயமாகத் திட்டுவோம், அல்லது அநியாயமாகப் புகழ்வோம். ஒரு மசோதா மீது விவாதம் என்றால், கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப நேரம் பிரித்துக் கொடுக்கப்படும். 543 பேர் அவையில் 2024இல் வென்ற திமுக உறுப்பினர்கள் 22 பேர். பத்து மணி நேர விவாதத்தில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 24 நிமிடம். அதை யார் பேசுவது என்று கட்சித் தலைமை முடிவு செய்யும். மூத்தவர்கள் பேசியதுபோக, முதல் முறை வந்த உறுப்பினருக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே அதிர்ஷ்டம். வாக்களிப்பிலும் சுதந்திரம் குறைவு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். ஆகவே, பெரிய விவாதங்களில் சுரண்டையின் குரல் தனியாகக் கேட்கும் வாய்ப்பு குறைவு.

தொகுதியின் குரலுக்கு உண்மையான வாசல்கள் வேறு. கேள்வி நேரத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாகக் கேள்வியை எழுதிக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். எந்தக் கேள்வி எந்தப் பட்டியலுக்குப் போகும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். கேள்வி நேரம் முடிந்ததும் வரும் பூஜ்ஜிய நேரத்தில் அவசரமான ஊர்ப் பிரச்சினையை இரண்டு மூன்று நிமிடத்தில் எழுப்பலாம். 377ஆவது விதியின் கீழ் எழுதிக் கொடுத்தால் சம்பந்தப்பட்ட அமைச்சகம் பதில் அனுப்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். இந்த நான்கிலும் கட்சித் தலைமையின் கெடுபிடி குறைவு. உறுப்பினரின் உழைப்புக்கும் கவலைக்கும் இடம் அதிகம். ஓர் உறுப்பினரின் ஆண்டை மதிப்பிட வேண்டுமானால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

இந்த வாசல்களும் திறந்தே இருப்பதில்லை. 2025 மழைக்காலக் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்வோம். ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 21 வரை நடந்தது. மக்களவைக்கு 120 மணி நேரம் திட்டமிட்டிருந்தார்கள்; நடந்தது 37 மணி நேரம். வாய்மொழிப் பதிலுக்கென்று பட்டியலில் இருந்த 419 கேள்விகளில் 55க்குத்தான் அவையில் பதில் வந்தது. பிஹார் வாக்காளர் பட்டியல் திருத்தம் குறித்து விவாதிக்க வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள், அரசு இணங்கவில்லை. அமளி நீடித்தது. அந்த அமளிக்கிடையே புதிய வருமான வரிச் சட்டம் சில நிமிடங்களில் நிறைவேறியது. இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் மசோதா அறிமுகமான அன்றே மக்களவையில் நிறைவேறியது. விவாதத்துக்கு இணங்காத அரசுக்குத்தான் இதில் முதல் பொறுப்பு என்பது என் கருத்து. அவையை நடத்தித்தர வேண்டிய கடமை ஆளுங்கட்சியுடையது. ஆனால், அன்றைய பட்டியலில் ஏதோ ஓர் ஊரின் குடிநீரோ மருத்துவமனையோ இருந்து, அந்தக் கேள்வி எழாமலே போயிருந்தால், அந்த ஊர்க்காரருக்கு இரு தரப்பும் பதில் சொல்லக் கடமைப்பட்டவைதான்.

இது ஓராண்டுக் கதை அல்ல. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை ஐந்து ஆண்டுகளிலும் சேர்த்து 274 நாள்தான் கூடியது. ஆண்டுக்கு 55 நாள். அது நிறைவேற்றிய மசோதாக்களில் 35 சதவீதம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விவாதத்துடன் சட்டமாயின. குழுக்களின் ஆய்வுக்குப் போனவை 16 சதவீதம் மட்டுமே. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் பார்த்திபனின் பெயரும் முதலில் பட்டியலில் இடம்பெற்று, பிறகு நீக்கப்பட்டது. பேச வேண்டியவரை வெளியே அனுப்பிவிட்டால், அவருக்கு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கானவர்களும் அன்று வெளியே நிற்கிறார்கள்.

இதெல்லாம் தில்லி அரசியல், நமக்கென்ன என்று தோன்றலாம். சுரண்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் திண்ணைகளுக்கு வாருங்கள். மதிய வேளையில் பெண்கள் சுளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். நனைத்து வைத்த இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்திரியால் வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்டிப் போடும் வேகத்தைப் பார்த்தால் கண் பின்தொடராது. பேசிக்கொண்டே, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கட்டுகளைப் பீடிக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே பார்த்துச் சரியில்லாததைக் கழிப்பார்கள். இலை மோசமாகக் கொடுத்துவிட்டு, பீடி மோசம் என்று கழித்தால் நட்டம் சுற்றியவளுக்கு. இந்தச் சண்டை இன்று நேற்றல்ல, பீடித் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது.

அந்தச் சண்டைக்கு நாடாளுமன்றம் ஒரு வழி செய்திருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் கொடுப்பதிலும் பீடியைக் கழிப்பதிலும் கழித்த பீடிக்குக் கூலி தருவதிலும் தகராறு வந்தால் விசாரித்துத் தீர்க்க அதிகாரி உண்டு என்று தனிப் பிரிவே வைத்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்பவளும் தொழிலாளிதான் என்று ஏற்றுக்கொண்ட சட்டம் அது. 1976இல் நல நிதிக்கான சட்டங்கள் வந்தன. பீடி மீது தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, மருத்துவமனை, வீடு கட்ட உதவி என்று செலவிட்டார்கள். ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்றிருந்த அந்தத் தீர்வை, 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபோது ஒழிக்கப்பட்டது. தொழிலாளிக்கென்று ஒதுங்கிச் சேர்ந்த பணம் நின்றது. நலத்திட்டங்களின் கதி ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சகத்தின் ஒதுக்கீட்டை நம்பியது. பீடிக்கு 28 சதவீத வரி மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்தது 2020 செப்டம்பர். கொரோனா காலம், 14ஆம் தேதி தொடங்கி 23ஆம் தேதி முடிந்த அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது. வேளாண் சட்டங்களை ஒட்டி மாநிலங்களவையில் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதால் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. காலியான எதிர்வரிசையை வைத்துக்கொண்டே செப்டம்பர் 22இல் மக்களவை மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றியது. மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. அவற்றுள் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு குறித்தது, 13 பழைய சட்டங்களை ரத்து செய்தது. 1966ஆம் ஆண்டின் பீடிச் சட்டம் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. ஒரு முழுச் சட்டமாக இருந்த பாதுகாப்பு, புதிய தொகுப்பில் ஒரு சில பிரிவுகளாகச் சுருங்கியது. தென்காசி, திருநெல்வேலி, வேலூர் வட்டாரங்களின் பெண்களைப் பற்றிய ஒரு சட்டம், அவர்களைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் இல்லாத அவையில் முடிந்துபோனது. புறக்கணிப்புக்கு நியாயம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. அந்த நியாயத்துக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தொகுப்பு உடனே அமலாகவில்லை. 2025 நவம்பர் 21இல்தான், முன்பே நிறைவேறியிருந்த இன்னொன்றையும் சேர்த்து, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 22 முதல், பீடி இலைக்கான வரி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது; பீடிக்கான வரியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கவும் முடிவானது, ஆனால் அது 2026 பிப்ரவரி 1இல்தான் அமலானது. தொழிலாளர் தொகுப்பு அமலான பத்தாம் நாள், டிசம்பர் 1இல், நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. வரி குறைந்ததே, ஆயிரம் பீடிக்கான கூலியில் ஒரு ரூபாயாவது ஏறியதா? கழித்த பீடிக்கு இனி யாரிடம் முறையிடுவது? நல நிதி மருத்துவமனைகளில் மருத்துவர் இருக்கிறாரா? 2017க்குப் பிறகு கல்வி உதவித்தொகை எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது, எத்தனை விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன? சுரண்டையின் வாக்காளர் ஒருவர் 2025ஆம் ஆண்டின் அவைப் பதிவைத் திறந்தால் முதலில் தேட வேண்டியது இந்தக் கேள்விகளைத்தான். தென்காசி உறுப்பினரின் பதிவில் மட்டுமல்ல, பீடித் தொழிலாளர் வாழும் எல்லாத் தொகுதி உறுப்பினர்களின் பதிவுகளிலும் தேட வேண்டும்.

புகையிலை ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாளெல்லாம் தூளை நுகர்ந்து இருமும் பெண்களைப் பார்த்தவர் யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால், இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையே, இத்தொழிலில் இருப்பவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் காட்ட வேண்டும் என்று 17ஆவது பிரிவில் சொல்கிறது. அந்த மாற்று எங்கே என்று கேட்கவும் நாடாளுமன்றம்தான் இடம். இப்போதைய தென்காசி உறுப்பினர் அரசு மருத்துவராகப் பணியாற்றியவர். நோயையும் கூலியையும் ஒரே மூச்சில் பேசும் தகுதி அவரைப்போல் அவையில் சிலருக்கே உண்டு. இதே தொகுதியின் அருணாசலம் 1996-97இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சராகவே இருந்தார். இந்தப் பிரச்சினை தென்காசிக்கு இயல்பாக உரிய பிரச்சினை.

நூறு நாள் வேலையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சுரண்டை 2021இல் நகராட்சியானது; ஊருக்குள் அந்த வேலை கிடையாது. ஆனால் சுற்றியுள்ள ஊராட்சிகளில் அது பல குடும்பங்களின் உலை கொதிக்கும் ஆதாரம். ஊரக வேலை உறுதி மசோதா 2004 டிசம்பரில் அறிமுகமானது. நிலைக்குழு அதைப் பிரித்து மேய்ந்தது, திருத்தங்கள் வந்தன, 2005 ஆகஸ்டில்தான் மக்களவை நிறைவேற்றியது. எட்டு மாதம் ஆயிற்று. அதற்கு மாற்றாக வந்த புதிய சட்டத்தின் மசோதா 2025 டிசம்பர் 16இல் அறிமுகமாகி, 18ஆம் தேதியே மக்களவையில் நிறைவேறியது. அன்று நள்ளிரவு தாண்டி மாநிலங்களவையும் நிறைவேற்றியது. நாள்கள் 100இலிருந்து 125 ஆகும் என்கிறது அது. கூடவே, செலவில் 40 சதவீதத்தை மாநிலங்கள் சுமக்க வேண்டும், விவசாய வேலை மும்முரமான காலத்தில் அறுபது நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் சொல்கிறது. குழுவுக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. மூன்று நாளில் ஒரு மசோதாவைப் படித்து, தொகுதிக்கு வந்து கேட்டு, திரும்பிப் போய்ப் பேச யாராலும் முடியாது. தென்காசியிலிருந்து தில்லிக்கு ரயிலில் போகவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும்.

இனி எண்ணிக்கை விவகாரம். ஆண்டு முடிவில் நாளிதழ்களில் ஒரு பட்டியல் வரும்: இவருடைய வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, கலந்துகொண்ட விவாதங்கள் இத்தனை. பிஆர்எஸ் போன்ற ஆய்வு அமைப்புகள் பொறுமையாகத் தொகுத்துத் தரும் தரவு அது, மிகப் பயனுள்ளது. ஆனால், அதை மதிப்பெண் பட்டியல்போல் வாசிப்பது தவறு. பூஜ்ஜிய நேரத்தில் ஒரு நிமிடம் பேசினாலும் கணக்கில் ஒன்று. ஒரு மசோதாவைப் பிரிவு பிரிவாக அலசி அரை மணி நேரம் பேசினாலும் ஒன்று. ஏதாவது ஒரு திட்டத்துக்கு மாநில வாரியாக ஒதுக்கீடு எவ்வளவு என்ற பொத்தாம்பொதுவான கேள்விகளை அடுக்கி எண்ணிக்கையை ஏற்றிவிட முடியும். அப்படிப்பட்ட நூறு கேள்விகளைவிட, ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் பணியிடம் காலி என்ற ஒரு கேள்வி மேல்.

அண்ணாவின் முதல் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்று, மாநிலங்களவைக்குப் போனார். அந்த மே முதல் நாள் அவருடைய கன்னிப் பேச்சு. ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போனார். 1963 ஜனவரியில் பிரிவினைத் தடைக்கான பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் குறித்துப் பேசினார். அவ்வாண்டு மே மாதம், ஆட்சிமொழி மசோதா வந்தபோது, ஆங்கிலம் இருக்கும் நிலை அப்படியே தொடர வேண்டும் என்று வாதாடினார். மசோதா மாற்றமின்றி நிறைவேறியது. இன்றைய எண்ணிக்கைக் கணக்கில் அந்த ஆண்டு எடுபடாமலே போகக்கூடும். ஆனால், அந்தச் சில உரைகளில் அவர் பேசியது என்ன என்பது அறுபது ஆண்டுக்குப் பிறகும் தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஏன் தெரியும்? அவை தமிழில் அச்சாகி, மேடைகளில் விளக்கப்பட்டு, மக்களிடம் வந்து சேர்ந்ததால் தெரியும். நாடாளுமன்றத்தில் பேசுவதோடு வேலை முடிந்துவிடவில்லை என்று அந்தத் தலைமுறை நம்பியது.

விடாமல் பிடித்துப் போராடுவதற்கு இன்னோர் உதாரணம் திமுகவின் திருச்சி சிவா. மூன்றாம் பாலினத்தவர் உரிமைகளுக்கான அவருடைய தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. திரும்பப் பெறுமாறு அரசுத் தரப்பு கேட்டும் அவர் இசையவில்லை. மக்களவையில் அது நிறைவேறவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு அரசே ஒரு மசோதாவுடன் வர வேண்டியதாயிற்று. அதன் குறைகள் தனிக் கதை.

பேசியதைப் பின்தொடர்வதில்தான் நம் உறுப்பினர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அமைச்சர்கள் ‘பரிசீலிக்கப்படும்’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று பதில் சொன்னால், அவை ஏட்டில் அது ஓர் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிகளுக்கான குழு ஒன்று மக்களவையில் 1953 முதல் இருக்கிறது. இந்தக் குழுவைப் பற்றித் தொகுதி மக்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்ட அன்று வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் காணொளி வரும், ஆயிரம் பேர் பகிர்வார்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கேள்வி என்ன ஆனது என்ற செய்தி வராது. உதாரணத்துக்கு, செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதை 2010இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி மலை ஏறி ரயில் மறுபடி முழுமையாக ஓட 2018 ஆயிற்று. எட்டு ஆண்டுகள். எந்த ஆண்டில் எந்த அமைச்சர் என்ன வாக்குக் கொடுத்தார், யார் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தால், இன்று அந்தத் தடத்தில் புதிய ரயில் கேட்பவர்களுக்கு எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்! வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்கும் செண்பகவல்லித் தடுப்பணை இன்னும் உடைந்தே கிடக்கிறது. கேரள எல்லைக்குள் இருப்பதால் இரு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து பேச வேண்டிய விவகாரம் அது. தலைமுறை மாறும்போது கேள்வியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

தடையாக இருக்கும் இன்னொன்று, பதிவின் மொழி. தாய்மொழியில் பேச அரசியல் சட்டத்தின் 120ஆவது பிரிவின்படி அவைத் தலைவர் அனுமதிக்கலாம். நம் உறுப்பினர்கள் தமிழில் பேசும்போது ஊரில் கேட்பவர்களுக்கு ஒரு பெருமிதம் வருகிறது; அது வேண்டியதுதான். ஆனால், கேள்விக்கு அமைச்சகம் தரும் எழுத்துப் பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளியாகிறது. நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பார்கள். திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கு அங்கே வாசிக்க ஒன்றும் இல்லை. அவளைப் பற்றிக் கேட்ட கேள்வியின் பதிலை அவளே வாசிக்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை எளியது. தென்காசி உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு முறை, நாற்பது ஐம்பது பக்கத்தில், தமிழில் ஒரு சிறு புத்தகம் வெளியிட வேண்டும். நான் இதைக் கேட்டேன், அமைச்சர் இந்தப் பதிலைச் சொன்னார், இந்தத் தேதிக்குள் செய்வதாக வாக்களித்தார், செய்தார் அல்லது செய்யவில்லை. இந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தேன், இதை எதிர்த்தேன், இன்ன காரணம். புகழுரை வேண்டாம், அட்டைப் படத்தில் தலைவர்களின் வரிசை வேண்டாம். கேட்க நினைத்து அமளியில் போன கேள்விகளையும் சேர்க்கலாம். அது அவருக்கே நியாயம் செய்யும். தொகுதியின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும், சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரி போன்ற கல்லூரிகளிலும் அது கிடைக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இதே கோரிக்கை பொருந்தும். மானியக் கோரிக்கை விவாதங்களில் ஊருக்காக என்ன கேட்டார்கள் என்பதும் அச்சில் வரட்டும்.

உறுப்பினர் செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஆங்கிலம் தெரிந்த நாலு கல்லூரி மாணவர்கள் சேர்ந்தால், ஒரு கூட்டத்தொடரில் தென்காசி உறுப்பினர் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் ஒரு வாரத்தில் தமிழாக்கிவிடலாம். தொழிற்சங்கங்கள் பீடி பற்றிய பதில்களை மட்டும் எடுத்துப் பீடிக் கடை வாசலில் ஒட்டலாம். காய்கறி வியாபாரிகள் தங்களுக்கு வேண்டிய ரயில், சாலை, சுங்கச்சாவடிக் கேள்விகளை எழுதி, கூட்டத்தொடர் தொடங்கப் பதினைந்து நாள் முன்னதாக உறுப்பினரிடம் கொடுக்கலாம். அவருக்கும் அது உதவி. ‘அண்ணாச்சி, எம்.பி.கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டா வேல முடிஞ்சிரும்’ என்ற பேச்சு இங்கே பழகிப்போன ஒன்று. அந்தக் கடிதத்தை வாங்கப் போகும்போது, நம் கையிலும் ஒரு கேள்வி இருக்கட்டும்.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு மக்களவை உறுப்பினர் வரும்போது, மனுவோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: சென்ற கூட்டத்தொடரில் எங்களுக்காக என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, அதைத் தமிழில் எப்போது தருவீர்கள்?